சிப்பிப்பாறை, கன்னி நாய் வளர்க்கத் தொடங்குபவர்களுக்கு

சிப்பிப்பாறைக் குட்டி வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். கூப்பிட்டதும் ஓடிவரும் நாய்தான் வேண்டுமா? ஆமாம் என்றால் வேறு இனம் பார்ப்பது நல்லது. இந்த நாய் கூப்பிட்டது காதில் விழுந்ததும் நின்று, திரும்பிப் பார்த்து, வருவதா வேண்டாமா என்று யோசிக்கும். எதிரே ஒரு பூனை ஓடிக்கொண்டிருந்தால் அந்த யோசனைகூட இருக்காது.

இதைத் திமிர் என்றோ பயிற்சி போதவில்லை என்றோ நினைக்கிறவர்கள் அதிகம். சாத்தூர், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காடுகளில் முயல் பிடிப்பதற்காகவே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்த இனம் இது. மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி வேட்டையாடுவது. காட்டு முயல் நேராக ஓடாது, வெட்டி வெட்டித் திரும்பும். நாய்க்காரர் எங்கோ பின்னால் மூச்சிரைக்க வந்துகொண்டிருப்பார். எந்தப் பக்கம் மறிப்பது, எப்போது பாய்வது என்பதையெல்லாம் நாயே கணநேரத்தில் முடிவு செய்தாக வேண்டும். ஆளின் முகத்தைப் பார்த்து உத்தரவுக்குக் காத்திருந்த நாய் வெறும் வாயோடு திரும்பியிருக்கும், அதன் குட்டியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆகவே நீங்கள் குறை என்று சொல்வது இந்த இனத்துக்குத் தொழில் திறமை. அதை அடித்து மாற்ற முடியாது. நாய் தானாக முடிவெடுக்கும் என்று ஏற்றுக்கொண்டு, அந்த முடிவால் அதற்கும் அடுத்தவருக்கும் ஆபத்து வராதபடி வீட்டையும் கயிற்றையும் மைதானத்தையும் அமைத்துக்கொள்வதுதான் வளர்ப்பவரின் வேலை.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். முயல் பிடிப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 'சும்மா ஒரு தடவை காட்டில் விட்டுப் பார்க்கலாம்' என்பதும் குற்றம்தான்.

கன்னியா, சிப்பிப்பாறையா?

கறுப்பு உடம்பில் கண்ணுக்கு மேலும் கால்களிலும் செம்பழுப்பு அடையாளம் இருந்தால் கன்னி என்பார்கள். வெளிறிய நிறத்தில் வருவது பால்கன்னி. செவலை, மயிலை (சாம்பல்) என்று ஒரே நிறமாக இருப்பதைச் சிப்பிப்பாறை என்பது பொது வழக்கம். இரண்டும் தனித்தனி இனமா, ஒரே இனத்தின் நிறங்களா என்று நாய்க்காரர்கள் டீக்கடையில் பொழுது விடியும் வரை பேசுவார்கள். வளர்ப்பு முறையில் வித்தியாசம் ஒன்றும் இல்லை, அதனால் இந்தச் சண்டையில் நாம் இறங்க வேண்டாம். இரண்டுமே தோள் உயரம் இரண்டடிக்குச் சற்று மேலே, எடை பெரும்பாலும் 15 முதல் 20 கிலோ, நீண்ட முகம், ஆழமான மார்பு, ஒட்டிய வயிறு. இராஜபாளையம் வேறு: அது கனத்த உடம்புக்காரன், வெள்ளை நிறம், காவல் குணம் அதிகம். அந்த வெள்ளை நாய்களில் பிறவிச் செவிடும் உண்டு என்பதால் அங்கே பார்க்க வேண்டிய விஷயங்களே வேறு.

வீடு ஏற்றதா?

குட்டியைப் பார்ப்பதற்கு முன் வீட்டைப் பாருங்கள். காம்பவுண்டுச் சுவர் ஆறடியாவது வேண்டும். நான்கடிச் சுவரை இது தாண்டும், அதுவும் நீங்கள் பார்க்காத நேரத்தில். கேட்டின் அடியில் இடைவெளி இருந்தால் குட்டி நுழைந்து போய்விடும். வீட்டில் கோழி, முயல், பூனை இருந்தால் தீவிரமாக யோசியுங்கள். குட்டியிலிருந்து ஒன்றாக வளர்ந்த வீட்டுப் பூனையோடு சமாதானமாக இருக்கும் நாய்கூட, அதே பூனை தெருவில் ஓடினால் துரத்தலாம். பக்கத்து வீட்டுக் கோழிக்கு நஷ்டஈடு கொடுத்தவர்கள் எங்கள் பக்கம் ஊருக்கு இரண்டு பேர் இருப்பார்கள்.

அடுக்குமாடி வீட்டில் முடியுமா? முடியும், பலர் நினைப்பதைவிட நன்றாகவே முடியும். இது வீட்டுக்குள் அமைதியான நாய். காரணமில்லாமல் குரைக்காது, ஓட்டம் கிடைத்துவிட்டால் மீதி நேரம் சுருண்டு தூங்கும். ஆனால் தினமும் காலையும் மாலையும் வெளியே கூட்டிப்போக ஆள் வேண்டும், பால்கனிக்குக் கம்பி வலை வேண்டும். புறா பறந்தால் மூன்றாவது மாடி என்று அதற்குத் தெரியாது.

சங்கிலியில் நாள் முழுக்கக் கட்டிப்போடத்தான் இடம் இருக்கிறது என்றால் தயவுசெய்து வாங்காதீர்கள். குட்டைச் சங்கிலியில் நியாயமற்ற நேரம் விலங்கைக் கட்டி வைப்பது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் குற்றமாகவே எழுதப்பட்டிருக்கிறது. அது ஒரு பக்கம். ஓடப் பிறந்த நாயைக் கட்டிப்போட்டால் அது கடிக்கும் நாயாகவோ, மூலையில் ஒடுங்கிப்போன நாயாகவோதான் மாறும்.

குட்டி வாங்குவது

2020 ஆகஸ்டில் பிரதமர் 'மனதின் குரல்' வானொலி உரையில் கன்னி, சிப்பிப்பாறை, இராஜபாளையம், கோம்பை என்று பெயர் சொல்லிப் பேசினார். அதற்கு அப்புறம் கேட்பவர்கள் கூடினார்கள். கூட்டம் கூடினால் கலப்படமும் கூடும். கிரேஹவுண்ட், விப்பெட் என்ற வெளிநாட்டு ஓட்ட நாய்கள் கலந்த குட்டிகளை 'ஒரிஜினல் கன்னி' என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு மாதக் குட்டியைப் பார்த்து இதைக் கண்டுபிடிப்பது அனுபவஸ்தர்களுக்கே கஷ்டம். அதனால் குட்டியைவிட அது பிறந்த இடத்தைப் பாருங்கள்.

தாய் நாய் கண்ணெதிரே இருக்க வேண்டும். 'தாய் தோட்டத்தில் இருக்கிறது, தகப்பன் மதுரையில்' என்றால் எழுந்து வந்துவிடுங்கள். தாய் அந்நியரைக் கண்டு ஒதுங்கி நிற்கலாம், அது இந்த இனத்துக்கு இயல்பு. நடுங்கிக்கொண்டு கட்டிலுக்கடியில் போனாலோ, பல்லைக் காட்டிப் பாய்ந்தாலோ அந்தக் குணம் குட்டிக்கும் வரக்கூடும். முன்பு இதே பெட்டையின் குட்டியை வாங்கியவர் ஒருவரின் போன் எண்ணைக் கேளுங்கள். நல்ல வளர்ப்பாளர் தயங்காமல் கொடுப்பார், பதிலுக்கு உங்களையும் பத்துக் கேள்வி கேட்பார்.

2017-ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகளின்படி எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது, வளர்ப்பாளர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். நாற்பது நாளில் தூக்கிக் கொடுத்தால் வாங்க வேண்டாம். தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் இருக்கும் அந்தக் கடைசி வாரங்களில்தான் குட்டி எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்று கற்றுக்கொள்கிறது.

நிறத்துக்காகக் கூடுதல் விலை கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. சாம்பல் நீல நிறத்துக்குக் கிராக்கி அதிகம். பல இனங்களில் அந்த நீர்த்த நிறத்தோடு முடி கொட்டி, தோல் வறண்டுபோகும் பரம்பரைக் கோளாறும் சேர்ந்து வருவதுண்டு. மயிலை வாங்குவதென்றால் வளர்ந்த தாய், தகப்பனின் முதுகு முடியைத் தடவிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

முதல் மூன்று மாதம்

வந்த மறுநாளே கால்நடை மருத்துவரிடம் காட்டி ஒரு அட்டை போட்டுவிடுங்கள். பார்வோ, டிஸ்டெம்பர் என்ற இரண்டு கொடிய வைரஸ் நோய்களுக்கும் சேர்ந்த தடுப்பூசி ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, கடைசி ஊசி பதினாறு வாரத்திலோ அதற்குப் பிறகோ விழும்படி போட வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்று மாதத்தில், பிறகு மருத்துவர் சொல்லும் பூஸ்டர், அப்புறம் ஆண்டுதோறும். குடற்புழு மருந்து மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை, அதற்குமேல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ஊசி முடியாத குட்டியைத் தெருவில் இறக்கிவிட வேண்டாம், பார்வோ அந்த மண்ணில்தான் இருக்கிறது.

ஆனால் வீட்டுக்குள்ளேயே பூட்டியும் வைக்காதீர்கள். மூன்றரை, நான்கு மாதத்துக்குள் பார்த்துப் பழகியதைத்தான் இது வாழ்நாள் முழுக்க 'தெரிந்தது' என்று எடுத்துக்கொள்ளும். இயல்பிலேயே அந்நியரிடம் ஒட்டாத இனம் என்பதால் இந்தக் காலத்தை விட்டால் பிறகு சிரமம். கையில் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு, பள்ளிக்கூட வாசல், சந்தை என்று காட்டுங்கள். ஹெல்மெட் போட்ட ஆள், குக்கர் விசில், மிக்சி, குழந்தை அழும் சத்தம் எல்லாம் பழகட்டும். பயந்தால் உடனே விலகி, தூரத்திலிருந்து பார்க்க விடுங்கள்.

நகம் வெட்ட, காதைத் திறந்து பார்க்க, வாயில் விரல் விட இப்போதே பழக்குங்கள். வளர்ந்த பிறகு தொடச் சம்மதிக்காத கன்னிக்கு நகம் வெட்ட மூன்று பேர் வேண்டும். தூங்கும்போது திடீரென்று தொட்டால் சில நாய்கள் பதறி உறுமும், குழந்தைகளிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

சாப்பாடு

'சோறே போடுறதில்லையா?' என்று தெருவில் யாராவது கேட்காமல் சிப்பிப்பாறை வளர்க்க முடியாது. கடைசி இரண்டு மூன்று விலா எலும்பும் இடுப்பெலும்பின் முனையும் லேசாகத் தெரிவது இந்த உடம்புக்குச் சரியான அளவு. முதுகெலும்பு முண்டு முண்டாகத் துருத்தினாலோ, தொடைச் சதை வற்றினாலோதான் மெலிவு. ஊர் வாய்க்குப் பயந்து கொழுக்க வைத்தால் மூட்டுக்குக் கேடு. பட்டினி போட்டால்தான் நாய் வேகமாக ஓடும் என்ற பழைய நம்பிக்கை அதைவிட மோசம், ஓட்டத்துக்குச் சதை வேண்டும்.

கிராமத்தில் கம்பங்கூழும் கேப்பைக்கூழும் மோரும் ஊற்றி வளர்த்தார்கள். நாயும் வளர்ந்தது உண்மைதான், மீதியை அது காட்டில் தானே பிடித்துத் தின்றது. இன்று வீட்டில் இருக்கும் நாய்க்குத் தட்டில் பாதியாவது கோழி, முட்டை, முள் நீக்கிய மீன், ஈரல் என்று இருக்கட்டும். மீதி கேழ்வரகோ சோறோ, கொஞ்சம் பூசணி, காரட். தயிர் நல்லது, பால் பல நாய்களுக்குப் பேதியாகும். வீட்டுக் கறிக்குழம்பைச் சோற்றில் பிசைந்து போடுவதுதான் நம் ஊரில் பெரிய தவறு: வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். பாயசத்தில் இருக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். வேகவைத்த எலும்பு சில்லாக உடைந்து குடலைக் குத்தும். சாக்லேட்டும் கூடாது.

கடைக்காரர் கால்சியம் டானிக்கைக் கையில் திணிப்பார். குட்டிகளுக்கான சமச்சீர் தீவனம் கொடுப்பவருக்கு அது தேவையில்லை, வளரும் எலும்புக்கு அளவு கூடினாலும் கெடுதல்தான். வீட்டுச் சாப்பாடு கொடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டு அளவாகக் கொடுங்கள்.

வளர்ந்த நாய்க்கு இரண்டு வேளை. ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது சாப்பாடு கூடாது. மார்பு ஆழமான நாய்களில் வயிறு காற்றடைத்து முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் ஒன்றும் வராமல் தவித்தால் காலை வரை காத்திருக்கக் கூடாது. அப்போதே ஆஸ்பத்திரி.

பெல்ட், கயிறு, ஓட்டம்

புதியவர்கள் நாயைத் தொலைப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இந்த நாயின் கழுத்து தலையைவிடப் பருத்தது. சாதாரண பெல்ட்டைப் போட்டு இழுத்தால் தலையைப் பின்னால் வாங்கி ஒரே நொடியில் கழன்றுவிடும். இழுக்கும்போது ஓரளவு மட்டும் இறுகும் 'மார்ட்டிங்கேல்' பெல்ட், ஒன்றரை இரண்டு அங்குல அகலத்தில் வாங்குங்கள். கிடைக்கவில்லை என்றால் செருப்புத் தைப்பவரிடம் மாதிரி காட்டித் தைத்துக்கொள்ளலாம். மெல்லிய சங்கிலியைக் கழுத்தில் போட வேண்டாம், தோல் அறுந்துவிடும்.

அடைப்பில்லாத இடத்தில் கயிற்றை அவிழ்க்காதீர்கள். நாய்க்கு எத்தனை வயதானாலும், எவ்வளவு பழகியிருந்தாலும் சரி. கண்ணில் ஓடும் பொருள் பட்டுவிட்டால் அதற்கு ரோடும் லாரியும் தெரியாது, உங்கள் குரலும் எட்டாது. திறந்தவெளியில் பத்துப் பதினைந்து மீட்டர் நீளக் கயிறு போதும். அந்த நீளக் கயிற்றைக் கழுத்து பெல்ட்டில் மாட்டாமல், மார்பைச் சுற்றும் ஹார்னஸில் மாட்டுங்கள். முழு வேகத்தில் ஓடிக் கயிற்றின் முனையில் கழுத்து வெட்டி இழுத்தால் பலத்த காயமாகும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவும் வேண்டாம். விரல் போகும்.

தினமும் இரண்டு நேர நடை, வாரத்தில் இரண்டு மூன்று நாள் நல்ல ஓட்டம். ஓட்டத்துக்குச் சுவர் வைத்த மைதானம், வேலி போட்ட தோப்பு, விடுமுறையில் அனுமதி வாங்கிய பள்ளிக்கூட மைதானம் ஏதாவது ஒன்று தேடிப் பிடியுங்கள். முதலில் பத்து நிமிஷம் நடக்க விட்டு உடம்பு சூடானதும் அவிழ்த்து விடுங்கள். சில சுற்று பறந்துவிட்டு அதுவே வந்து படுத்துவிடும். வேட்டை ஆசையைத் தணிக்க எளிய வழி ஒன்று உண்டு. மூங்கில் கம்பு நுனியில் கயிறு கட்டி, கயிற்றின் முனையில் ஒரு துணியைக் கட்டித் தரையோடு வளைத்து வளைத்து இழுங்கள். இரண்டு மூன்று நிமிஷம் போதும், பிடிக்கவும் விடுங்கள். பிடிக்கவே விடாமல் அலைய வைத்தால் வெறுத்துப்போகும். வழுக்கும் டைல்ஸ் தரையில் இதைச் செய்யாதீர்கள். ஓராண்டு நிறையும் வரை திருப்பங்களைக் குறைத்து, குட்டி தானாக ஓடுகிற அளவோடு விடுங்கள்.

பைக்கின் பின்னால் ஓட விடும் பழக்கம் தென் மாவட்டங்களில் நிறைய இருக்கிறது. நாய் தன் களைப்பைப் பார்க்காமல் உங்கள் வேகத்துக்கு ஓடும், தார் ரோட்டில் பாதம் உரியும். சித்திரை வைகாசியில் சூரியன் ஏறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும். புறங்கையைத் தரையில் சில நொடி வைக்க முடியாவிட்டால் நாயையும் அங்கே நடத்தக் கூடாது.

சொல்லிக் கொடுப்பது

லாப்ரடார் பத்து முறை பந்தை எடுத்து வரும். இது இரண்டு முறை வரும், மூன்றாவது முறை உங்களைப் பார்க்கும். ஆகவே ஐந்து நிமிஷத்துக்குமேல் நீட்டாதீர்கள். கூப்பிட்டு வர வைப்பதற்கு ஒரு தனிச் சொல்லோ விசிலோ வைத்துக்கொண்டு, அதற்கு மட்டும் அவித்த ஈரல் மாதிரி வேறு எப்போதும் கிடைக்காத ஒன்றைக் கொடுங்கள். குளிப்பாட்டவோ திட்டவோ அந்தச் சொல்லால் கூப்பிடக் கூடாது. ஓடிப்போன நாய் அரை மணி கழித்து வந்து நிற்கும்போது கோபத்தில் ஒரு அடி போட்டால், திரும்பி வந்ததற்கு அடி என்றுதான் அது கணக்கு வைக்கும். குரலை உயர்த்தினாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நாய் இது. அடித்தால் வேலை செய்வதை அடியோடு நிறுத்திவிடும், அதை மீட்க மாதங்கள் ஆகும்.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

உடம்பில் கொழுப்பு மிகக் குறைவு என்பதால் மயக்க மருந்தில் எச்சரிக்கை தேவை. தயோபென்டோன் போன்ற பார்பிட்யூரேட் வகையில் கிரேஹவுண்ட் நாய்கள் தெளிய வெகுநேரமாகும் என்பது மருத்துவர்கள் அறிந்தது. அதே உடல்வாகுள்ள இந்த நாய்க்கும் அதே கவனத்தோடு வேறு மருந்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கருத்தடை செய்யும் நாளில் இதை நீங்களே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ரத்தப் பரிசோதனையிலும் கிரேஹவுண்ட் போலக் கண்ணை நம்பி வேட்டையாடும் நாய்களுக்குத் தைராய்டு அளவு மற்ற இனங்களைவிடக் குறைவாகவே காட்டும். அந்த எண்ணை மட்டும் பார்த்து வாழ்நாள் மாத்திரை தொடங்க வேண்டாம்.

தோல் மெல்லியது. முள்வேலியில் உரசினால் கோடு விழுவதற்குப் பதில் கிழிந்தே போகும். கிழிசல் பெரிதென்றால் மஞ்சளை அப்பாமல் சுத்தத் துணியால் கட்டித் தையலுக்குக் கொண்டுபோங்கள். வெறும் சிமென்ட் தரையில் படுத்தால் முழங்கையில் காய்ப்பும் புண்ணும் வரும், பழைய மெத்தையோ கெட்டிச் சாக்கோ போடுங்கள். மார்கழியில் உதகை, கொடைக்கானல், பெங்களூரில் இருப்பவர்கள் போர்வைச் சட்டை போட வெட்கப்பட வேண்டாம்.

நம் ஊரில் நாயைக் கொல்வதில் உண்ணிக்குத் தனி இடம் உண்டு. காது மடல், விரல் இடுக்கு, வாலடி மூன்றையும் தினமும் தடவிப் பாருங்கள். காய்ச்சல், சாப்பிடாமை, வெளிறிய ஈறு, மூக்கில் ரத்தம் கண்டால் உண்ணிக் காய்ச்சலுக்கான ரத்தப் பரிசோதனை உடனே வேண்டும். மருந்தைத் தெளிந்ததும் பாதியில் விடக் கூடாது. மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தைக் கண்ணளவில் கலந்து ஊற்றாதீர்கள். மனிதருக்கான வலி மாத்திரைகளும் நாய்க்கு விஷம்.

காணாமல் போனால்

தீபாவளி வாரத்தில் நிறைய நாய் தொலையும். வெடிச் சத்தம் தொடங்கும் முன்பே நடையை முடித்து, உள் அறையில் மின்விசிறியும் டிவியும் ஓட விட்டுப் பூட்டி வையுங்கள். மைக்ரோசிப் போட்டு, அந்த எண்ணைத் தடுப்பூசி அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சென்னை மாநகராட்சியில் நாய்க்கு உரிமமும் கட்டாயம்.

அப்படியும் ஓடிவிட்டால் துரத்தாதீர்கள். நீங்கள் ஓடினால் அது இன்னும் வேகமாக ஓடும், உங்களால் பிடிக்க முடியாது. கண்ணில் பட்டால் நின்ற இடத்தில் உட்கார்ந்து, முகத்தைத் திருப்பி, பொட்டலத்தைப் பிரிக்கும் சத்தம் கேட்கட்டும். கண்ணில் படவில்லை என்றால் கடைசியாகப் பார்த்த இடத்தில் அது படுக்கும் துணியையும் தண்ணீரையும் வைத்துவிட்டு, வீட்டில் அது அதிகம் ஒட்டும் ஆள் ஒருவர் மட்டும் அங்கே இருங்கள். தெருவே திரண்டு தேடப் போனால் மிரண்டு அடுத்த ஊருக்குப் போய்விடும். பலமுறை இருட்டியதும் அதே இடத்துக்குத் திரும்பி வரும். வந்தால் பெல்ட்டை நோக்கிப் பாயாமல், தின்ன ஏதாவது கொடுத்துக்கொண்டே மெதுவாக மாட்டுங்கள்.